சலுகையும் சால்பும்

விளையாட்டில் வல்லவனே வெல்லல் வேண்டும் என்பது பொதுவழக்கு. அவ்வழக்கினின்றும் வேறுபட்டது, கோல்ப் கழகங்களில் வழங்கப்பெறும் ஹாண்டிகாப் கிண்ணம். அதனை மெலியார்க்கு இடும் பிச்சையென எள்ளுவாரும் உளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று.

பதினெட்டுக் குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பதே கோல்ப் ஆட்டத்தின் குறிக்கோள். ஒருவனது திறனை அளந்து, அவனது மொத்த அடிகளிற் கழித்தற்குரிய தொகையை வரையறுத்தலே ஹாண்டிகாப் எனப்படும். 75 அடிகளில் முடித்தவனுக்குச் சலுகை 3 ஆயின் எஞ்சுவது 72. 92 அடிகளில் முடித்தவனுக்கு 22 ஆயின் எஞ்சுவது 70. கிண்ணம் பின்னவனுக்கே உரியது.

தொடக்கத்தில் ஓரிரு குழிகளிற் சறுக்கியவர் மனமுடைந்து ஆட்டத்தைக் கைவிடுவதை மருத்துவர் பிராங்க் ஸ்டேபிள்போர்ட் கண்டார். 1898 இல் வேல்சிலுள்ள பெனார்த்தில் ஒரு புள்ளிமுறையைச் சோதித்தார். 1932 இல் இங்கிலாந்தின் வாலசிக் கழகத்தில் அதனைத் திருத்தி நிலைநாட்டினார். சலுகை கழித்தபின், குழிக்குரிய அளவில் முடித்தால் 2 புள்ளி. ஓரடி மிகுந்தால் 1. ஓரடி குறைந்தால் 3. ஒரு குழியிற் பெற்ற தோல்வி அக்குழியோடு ஒழியும். அடுத்த குழியில் நம்பிக்கை பிறக்கும்.

2020 இல் உலகிற்கெல்லாம் பொதுவான கணிப்புமுறை வந்தது. இறுதி 20 ஆட்டங்களுள் சிறந்த 8 இன் சராசரியே அதற்கு அடிப்படை, உச்சவரம்பு 54. ஒருவனது தாழ்ந்த ஆட்டங்களன்று, உயர்ந்த ஆட்டங்களே அளவுகோலாகின்றன என்பது நோக்கற்பாலது. ஆகவே, கிண்ணம் வெல்பவன் பெரும்பாலும் தன் வழக்கமான ஆற்றலை விஞ்சியவனே. இது பிச்சையாதல் யாங்ஙனம்?

எனினும், சலுகையைப் பெருக்கவேண்டி வேண்டுமென்றே தாழ்வாக ஆடுவாரும் உளர். உண்மையிற் குறைந்த எண்ணை ஒரு குழிக்கு எழுதி அட்டையை ஒப்படைப்பவனை விதி நீக்கிவிடும். தன் ஆற்றலை மறைப்பவனையோ எளிதிற் பிடித்தல் இயலாது. குழு அவனது கணிப்பைத் திருத்தலாம். ஆயினும் முதற் காவல் அவனது மனச்சாட்சியே. இக்கிண்ணத்தின் மாண்பு வெள்ளியிலன்று, வாய்மையிலேயே தங்கியுள்ளது.

1879 இல் கொழும்பிலும் கோல்ப் கழகம் தோன்றியது. அவ்வாட்டத்தை நம்மிற் பலர் ஆடியதில்லை. அதன் நீதியோ நமக்கும் உரியது. கல்லூரிக்குக் கிண்ணம் வழங்க முன்வரும் பழைய மாணவர், முதலிடம் பெறுவோர்க்கு மாத்திரமன்றி, தன் முந்திய அளவை மிகுதியும் கடந்த மாணவனுக்கும் ஒன்று வழங்குவாராக. ஓட்டத்திற் பின்தங்கியவனும் அடுத்த ஆண்டு களத்துக்கு வருதற்கு அது காரணமாகும்.