விளைநிலத்துக்கு உள்ள காவல் வீட்டுக்கு ஏன் இல்லை?

நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் ‘சுவாதீன அறிவிப்பு’களைப் பெரும்பாலோர் படிக்காமலே புரட்டிவிடுகிறார்கள். கடன்தாரர் பெயர், பல நேரங்களில் இணைக்கடன்தாரராக மனைவியின் பெயர், நிலுவைத் தொகை, வீட்டின் நான்கு எல்லைகள் என்று எல்லாம் அதில் இருக்கும். கடனுக்காகக் கையகப்படுத்தும் சொத்தைப் பற்றி இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் விதி. கடன் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. வீடு கைவிட்டுப் போன சேதி மட்டும் தவறாமல் தமிழில் வருகிறது. அந்த அறிவிப்பை அச்சிட்டுக் காசு வாங்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், இதைப் பேசும் கடமை பத்திரிகைகளுக்குக் கூடுதலாகவே உண்டு.

திருநெல்வேலி மாநகரின் மேற்கு ஓரத்துப் பேட்டையை எடுத்துக்கொள்வோம். சிட்கோ தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்துபவர், டவுனில் கடை போட்டிருப்பவர், மகனை வளைகுடாவுக்கு அனுப்பியவர், மகளைக் கல்லூரியில் சேர்த்தவர் என்று வாழும் ஊர். வருமானம் பெரிதாக ஏறவில்லை. குடியிருக்கும் வீட்டின் விலை மட்டும் ஏறியிருக்கிறது. இந்த இடைவெளிக்குள்தான் நிதி நிறுவன முகவர் நுழைகிறார். “சொத்து சும்மாதானே கெடக்கு அண்ணாச்சி, பத்திரத்தை வச்சா பத்து லட்சம் வாங்கிரலாம்” என்பது அவருடைய முதல் வாக்கியம். அந்த வீடு சும்மா கிடக்கவில்லை. பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் எத்தனையோ பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். வீடுதான் அவர்களுக்குத் தொழிற்கூடம். வீடு போனால் கூரையோடு கூலியும் போகும்.

முகவர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 10 லட்சம் ரூபாயை 15 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 14,000 ரூபாய். கடைசித் தவணை முடியும்போது கட்டியிருக்கும் மொத்தம் 25 லட்சத்தைத் தாண்டிவிடும். அதைவிடக் கசப்பானது முதல் மூன்று ஆண்டுகள். ஒரு தவணைகூடத் தவறாமல் 36 மாதம் கட்டினால் போன பணம் 5 லட்சத்துக்குச் சற்று மேல். அசலில் கழிந்தது 67,000 ரூபாய் மட்டுமே. நான்காம் ஆண்டில் உடம்புக்கு முடியாமல் போய்த் தொழில் படுத்துவிட்டால், கிட்டத்தட்ட முழுக் கடனும் அப்படியே நிற்கும். 10 சதவீத வட்டிக்குத் தரும் வங்கியிடம் இதே கடனை வாங்கியிருந்தால் தவணை 10,750 ரூபாயைத் தொட்டிருக்காது. இந்த வித்தியாசத்தை யாரும் திண்ணையில் உட்கார்ந்து விளக்குவதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். ஒரு விவசாயியோ கூலித் தொழிலாளியோ வீட்டு வேலை செய்பவரோ குடியிருக்கும் சொந்த வீட்டைச் சாதாரணக் கடனுக்காக நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, வெள்ளைக்காரன் காலத்திலேயே, அந்தக் கூரையைக் காப்பாற்றி வைத்தது. 2002இல் வந்த சர்ஃபாசி சட்டம், நீதிமன்றப் படியேறாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. ஆனாலும் விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தால் தொட முடியாது என்று அதன் 31ஆவது பிரிவு விலக்கிவிட்டது. அதே பிரிவு, ஜப்தி செய்ய முடியாத சொத்துகளுக்கும் விலக்குக் கொடுக்கிறது. கூடவே, அந்தச் சொத்தையே கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்திருந்தால் விலக்கு இல்லை என்கிறது. ஆக, தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் வயலுக்குக் காவல் உண்டு. அந்த வயலில் கூலிக்கு நாற்று நடுபவளின் வீட்டுக்கு இருந்த காவலோ ஒரே கையெழுத்தில் கழன்றுவிடுகிறது. இது நியாயமில்லை என்பதே நம் கருத்து.

கையெழுத்துக்குப் பிறகு நடப்பவை வேகமானவை. 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ். அதன்பின் சொத்தைக் கையகப்படுத்தலாம். 15 ஆண்டுக் கடன், ஐந்து மாதத்தில் வாசலுக்கு வந்துவிடும். அடமானம் வைத்தவன் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் மிகக் கவனமாகக் காத்தது. சர்ஃபாசி சட்டத்திலும் முதலில் விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன்புவரை மீட்க வழி இருந்தது. 2016இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாகும் வரை மட்டுமே என்று சுருக்கியது. அறிவிப்பு வெளியான பிறகு கடன்தாரருக்கு அந்த உரிமை கிடையாது என்று 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஏல அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டில் இருக்கும் மைத்துனரிடமும் சம்பந்தி வீட்டிலும் பணம் கேட்டு ஓடுவது நம் ஊர் வழக்கம். அப்படிப் பணத்தோடு வந்தாலும், வாங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்று வங்கியைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்த கடனை வசூலிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தத் திருத்தத்துக்கு என்ன தேவை இருந்தது?

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வங்கிக் கதவை இறுக்கினால் மக்கள் கந்துவட்டிக்காரரிடம்தானே போவார்கள் என்பது அந்த வாதம். திருநெல்வேலிக்கு அது என்னவென்று தெரியும். 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லை என்று ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வரும் பிழைக்கவில்லை. அதீத வட்டி வசூலைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2003 முதலே இருந்தது. கடன் கொடுக்கும்போதே கிரய ஒப்பந்தத்திலும் பவர் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள எந்த நிறுவனமும் மேல்தான்.

ஆனால், வீட்டைப் பறிக்கும் விரைவு வழி இல்லாவிட்டால் கடன் கொடுக்கவே மாட்டார்கள் என்பது உண்மையில்லை. வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் கடன் 1 லட்சத்தைத் தாண்டினாலே சர்ஃபாசியை ஏவலாம். மற்ற நிதி நிறுவனங்களோ 20 லட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. அப்படி இருந்தும் ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று வீட்டுப் பத்திரத்தின் மேல் கடன் கொடுக்க அவை தெருத்தெருவாக ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. எனவே, ஒரு குடும்பம் குடியிருக்கும் ஒரே வீட்டின் மேல் 20 லட்சத்துக்கு உட்பட்ட கடன் யார் கொடுத்ததானாலும், நீதிமன்றத்தின் வழியாகவே வசூலிக்க வேண்டும் என்று மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். மீட்கும் உரிமையை ஏலம் முடியும் நாள் வரை நீட்ட வேண்டும்.

இது எங்கும் இல்லாத விநோதக் கோரிக்கை அல்ல. சந்தைப் பொருளாதாரத்தின் தாய்வீடான அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், வீட்டின் மதிப்பைக் காட்டிப் பொதுவான செலவுகளுக்குக் கடன் வாங்குவதை 1997 வரை அனுமதிக்கவே இல்லை. மக்கள் வாக்கெடுப்பில் அனுமதித்தபோதும் கடிவாளத்தை மாநில அரசமைப்பிலேயே எழுதிவைத்தது. வீட்டு மதிப்பில் எல்லாக் கடனும் சேர்ந்து 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பித்து 12 நாள் கழியாமல் கடனை முடிக்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற மூன்று நாள் உண்டு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டை எடுக்க முடியாது. அங்கே கடன் வணிகம் செத்துவிடவில்லை.

நம்மிடமும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், கடனின் முழுச் செலவையும் ஆண்டு விகிதத்தில் காட்டும் விவரக் குறிப்பைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் கொடுத்து விளக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் குறிப்பை வைத்து யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். வீட்டு அடமானத்துக்கு அந்த மூன்றைப் பன்னிரண்டாக்கினால் யாருக்கு என்ன நட்டம்?

உள்ளூரிலேயே செய்யக்கூடியதும் உண்டு. சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2010 முதல் இருக்கிறது. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கும் ஈடு தேவையில்லை. இந்த இரண்டும் வங்கிக் கிளைகளில் ஒழுங்காகக் கிடைத்தால், பட்டறைக்காகவும் படிப்புக்காகவும் வீட்டுப் பத்திரம் அலமாரியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. ஈடு இல்லாமல் கேட்டு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன என்று கிளைவாரியாக மாவட்ட ஆட்சியர் முன்னோடி வங்கியிடம் கேட்டு வெளியிட வேண்டும். சர்ஃபாசி சட்டத்தின் 14ஆவது பிரிவின் கீழ் வீட்டைக் கையகப்படுத்தித் தரச் சொல்லி நிதி நிறுவனங்கள் வந்து நிற்பதும் மாவட்ட நிர்வாகத்தின் வாசலில்தான் என்பதால், இந்தக் கணக்கைக் கேட்க அதற்கு முழுத் தகுதி உண்டு.

ஏற்கெனவே நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். அசலும் வட்டியும் சேர்ந்த கடனில் மீதி 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் வீட்டைத் தொட முடியாது. வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்துவிட்டால், 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இன்றி அங்கே சட்ட உதவி இலவசம்.