கையெழுத்துக்கு மட்டும்தான் நாமா? கணக்கைக் காட்டு!

  

ஊர் எல்லையில் நீர்வடிப்பகுதித் திட்டம் என்று போர்டு நிற்கிறது. தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, வரப்பு... கடைசியில் ‘மக்கள் பங்கேற்புடன்’ என்று ஒரு வரி. எந்த மக்கள்? எப்போ பங்கேற்றாங்க?

பல ஊர்களில் நடப்பது என்ன? ஓடையில் பொக்லைன் இறங்கிய பிறகுதான் வேலை நடப்பதே ஊருக்குத் தெரிகிறது. மேட்டில் வரப்பும் அகழியும் போட்டு மண்ணைப் பிடிக்காமல், பள்ளத்தில் தடுப்பணை கட்டுகிறார்கள். நாலு மழையில் வண்டல் மூடிவிடுகிறது. அப்புறம் தீர்மான நோட்டு வீடு தேடி வருகிறது. கையெழுத்துப் போட்டால், அதுக்குப் பேர் பங்கேற்பாம்!

விதி என்ன சொல்கிறது? 1995 வழிகாட்டு நெறிமுறையே திட்டத்தை நடத்தும் பொறுப்பை ஊர்ச் சங்கத்திடம் கொடுத்தது. 2008 நெறிமுறைப்படி, நீர்வடிப்பகுதிக் குழுவைக் கிராமசபைதான் அமைக்கணும். குறைந்தது 10 பேர். அதில் பாதி சுயஉதவிக் குழு, பயனாளர் குழு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர். உங்க ஊர்க் குழுவில் யார் யார் இருக்காங்க? உங்களுக்குத் தெரியுமா?

சின்னப் பணமா இது? 2021-ல் வந்த திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய். 500 ஹெக்டேர் என்றால் 1 கோடியே 10 லட்சம்!

பங்களிப்புக் கதையைக் கேளுங்கள். சொந்த நிலத்தில் நடக்கும் வேலைக்குச் செலவில் 10 சதம், சிறு குறு விவசாயிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி விவசாயிக்கும் 5 சதம் என்றது 2008 நெறிமுறை. அந்தப் பணம் பின்னாளில் குட்டையையும் அணையையும் பராமரிக்கத்தான். ஆனால் வரப்புப் போட்ட கூலியாளின் கூலியில் பிடித்து, ‘மக்கள் பங்களிப்பு’ என்று எழுதிய ஊர்கள் எத்தனை! நிலமில்லாதவன் காசில் நிலத்துக்குப் பங்கா? குட்டை தூர்ந்து கிடக்குதே, அந்த நிதி எங்கே?

மக்களிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? ஹரியானாவில் சிவாலிக் மலையடிவாரத்தில் சுகோமஜ்ரி என்று ஓர் ஊர். மலையில் மண் அரித்து, சண்டிகரின் சுக்னா ஏரியே தூர்ந்து வந்தது. 1970-களில் அங்கே மண்ணணை கட்டினார்கள். நிலமில்லாத குடும்பத்துக்கும் தண்ணீரில் சமபங்கு என்று முடிவானது. அதன் பிறகு மலையில் ஆடுமாடு விடுவதை ஊரே நிறுத்தியது. புல் வந்தது, மரம் வந்தது. தண்ணியில் பங்கு கிடைச்சதால் மக்களே காவல் நின்றார்கள். பங்கேற்பு என்றால் இதுதான்!

நமது கோரிக்கைகள்:

1. எந்த வேலை, எந்த இடம் என்பதைக் கிராமசபையே முடிவு செய்யணும்.

2. வேலை நடக்கும் இடத்திலேயே செலவுக் கணக்கைத் தமிழில் எழுதி வைக்கணும்.

3. கூலியில் பிடித்த காசைத் திருப்பிக் கொடு!

4. பராமரிப்பு நிதியின் பாஸ்புத்தகத்தைக் கிராமசபையில் காட்டு!

5. சேரும் தண்ணீரில் சிறு விவசாயிக்கும் நிலமற்றோருக்கும் பங்கு வேணும்.

தமிழ்நாட்டில் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-லும் கிராமசபை கூடுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு ஒருவராவது வந்து கணக்கைக் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாகணும். படிக்காமல் எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!

பெய்யும் மழை நம் நிலத்தில்! பிடிக்கும் கூலி நம் கையில்! கணக்கு மட்டும் யார் பையில்?

திரண்டு வாரீர்! கேள்வி கேட்போம்! உரிமை மீட்போம்!

— விவசாயிகள் சங்கம்