கதவைப் பூட்டினால் போதுமா?

சென்ற இதழில், மாற்றலாகி வரும் குடும்பத்தாருக்கென்று பள்ளிக்கூட விஷயம் எழுதியிருந்தேன். அதைத் தொடர எண்ணியிருந்த வேளையில் நம் சங்கத்துச் சகோதரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. "என் கணவர் குடியை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். பத்து நாள் அறையில் வைத்துப் பூட்டி, ஒரு சொட்டும் கொடாமலிருந்தால் போதுமல்லவா? வைத்தியசாலைக்குப் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும்" என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும்.

போதாது, அம்மா. பூட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

டில்லியில் எங்கள் ரயில்வே குடியிருப்பில், குட்ஸ் ஷெட்டில் பணிபுரியும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்றே அழைப்பேன். காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே ஒரு மடக்கு வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அண்ணி என்னிடம், "தம்பி, மூன்று நாள் நீங்கள் கூட இருந்தால் எப்படியாவது நிறுத்திவிடலாம்" என்றார். பெரிய உபகாரம் செய்வதாக எண்ணிக்கொண்டு நானே வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை வியர்வை, நடுக்கம், வாந்தி. "விஷம் இறங்குகிறது" என்று ஒருவருக்கொருவர் தேறுதல் சொல்லிக்கொண்டோம். அன்றிரவு அவருக்கு வலிப்புக் கண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் இரத்தம். என் கை நடுங்கிய நடுக்கத்தில் சாவி பூட்டில் நுழையவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த இளம் டாக்டர் கேட்ட முதற் கேள்வி, "கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்பதே.

அக்கேள்வியின் பொருளைப் பின்னர் அவரே விளக்கினார். மது மூளையின் வேகத்தை அடக்குவது. நாள்தோறும் அடக்கினால் மூளையும் அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். பிரேக்கை அழுத்தியபடியே வண்டியை ஓட்டிப் பழகியதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். திடீரென்று பிரேக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மதுவை நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் ஜன்னி காணலாம். எல்லோருக்கும் வருவதில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்க்கும், முன்பு ஒருமுறை வலிப்போ ஜன்னியோ கண்டவர்க்கும் அபாயம் அதிகம். கவனியாது விட்டால் உயிரே போகும்.

எனவே மருத்துவமனையில் டயஸிபாம், லோரஸிபாம் போன்ற மருந்துகளை முதலில் தாராளமாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாட்களில் நிறுத்துகிறார்கள். கல்லீரல் கெட்டவர்க்கு எந்த மருந்து என்பது தனிக் கணக்கு. குளுகோஸ் ஏற்றுமுன் தயாமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுகிறார்கள். அது குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பழுதாகக்கூடும். இம்மாத்திரைகளைக் கடையில் வாங்கி வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கலாமே என்று எவரும் எண்ண வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் இவை மூச்சை நிறுத்தும். குடியை வெறுக்கச் செய்யும் டைசல்பிராம் மாத்திரையைச் சாம்பாரில் இரகசியமாகக் கலப்பதும் அவ்வாறே. அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஞாயிறு இரவு அண்ணாவுக்கு ஜன்னி கண்டது. போர்வையைத் தடவித் தடவி வேகன் எண்ணினார். என்னைப் பார்த்து, "நம்பர் எழுதிக்கோடா, வண்டி கிளம்பிடும்" என்று அதட்டினார். பிறகு, "தண்ணி, தண்ணி" என்று முனகினார். தமிழ் சிறிது அறிந்த வார்டு ஊழியர், "இன்னும் சாராயம் கேட்கிறார்" என்று சிரித்தார். அவர் கேட்டது குடிநீர், உதடு வெடித்திருந்தது. அவ்விரவில் எனக்கு இடப்பட்ட வேலையெல்லாம் இவ்வளவே: விளக்கை அணைக்காமல் பக்கத்தில் அமர்ந்து, "அண்ணா, இது மருத்துவமனை, இன்று ஞாயிற்றுக்கிழமை, நான்தான் இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. இதுவும் சிகிச்சையில் சேர்ந்ததே என்றார் நர்ஸ். இந்தியில் அவர் எத்தனை அன்பாகச் சொன்னபோதும் அண்ணாவின் காதில் ஏறவில்லை. தமிழ்க் குரலுக்குக் கொஞ்சம் அடங்கினார்.

பத்தாம் நாள் வீடு திரும்பினார். குணமாகிவிட்டது என்று பாயசம் வைத்தார்கள். எட்டாவது மாதம் ஒரு கல்யாணத்தில் மீண்டும் தொட்டுவிட்டார். உடலைத் தெளிய வைப்பது முதற்படி மட்டுமே என்பதை எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அல்லது சொன்னது எங்கள் செவியில் விழவில்லை. கணவரைக் குடியினால் இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் தொடங்கிய மருத்துவமனையில், நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. நமக்கு அருகில் காஜியாபாத்தில் எய்ம்ஸ் நடத்தும் தேசியப் போதை சிகிச்சை மையம் இருக்கிறது. இரண்டாம் முறை அண்ணா தாமாகவே புறப்பட்டார். இப்போது குடியை விட்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போய் வருகிறார்.

அபின், ஸ்மாக் போன்றவற்றில் சிக்கிய பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அவற்றை நிறுத்துகையில் படும் வேதனை கொடியதாயினும் அதனால் உயிர் போவது அரிது. நிறுத்தியபின் உடலின் தாங்குசக்தி குறைந்துவிடுவதால், பழைய அளவை மீண்டும் எடுக்கும்போதே பலர் இறக்கின்றனர். ஆகவே பலருக்கு ப்யூப்ரனார்பின் மருந்தை நெடுநாள் தொடருகிறார்கள். "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்று கோபித்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

இல்லம் என்று பலகை மாட்டி, அடித்தும் சங்கிலியிட்டும் வைக்கும் இடங்களும் உண்டு. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுக்கிறது. சேர்க்குமுன், இரவில் டாக்டர் உண்டா, பதிவு பெற்ற இடமா, உறவினர் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பிவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிடில் 14446 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம்.

நாலு பேருக்குத் தெரியுமே என்ற சகோதரியின் அச்சத்தை நான் பரிகசிக்கவில்லை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் உதவி பெற்றிருக்கிறார்; படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இதில் வெட்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

தம் கணவரை இம்மாதமே டாக்டரிடம் அழைத்துச் செல்லும்படி அவருக்குத் தனியே எழுதியிருக்கிறேன். வார்டில் இரவு முழுவதும் தமிழில் பேசிக்கொண்டு துணையிருக்க இயன்ற அன்பர்கள் சங்கக் காரியாலயத்தில் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். நோயாளியின் பெயர் ஏட்டில் எழுதப்படாது. சனி இரவு என் முறை.