காணிக்கைக்கு முன்னே

1597ஆம் ஆண்டில் செஞ்சிக்கு வந்த பிமெந்தா என்னும் இயேசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலெல்லாம் இதுவே பெரியது என்று வியந்து எழுதினார். அந்தப் பெருநகர் இன்றில்லை. கோட்டை மட்டும் நிற்கிறது. அவர் நம்பிய இயேசுவின் போதனையையோ இன்றும் விடியற்காலையில் வாசிக்கும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று.

வேத வாசிப்பு, சிறிது தியானம், ஜெபம். பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடுவேன். சென்ற ஆண்டு, அற்பக் காரணத்துக்காக உயிர் நண்பன் ஒருவனோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். அந்நாளில் ஒரு காலை, மத்தேயு 5ஆம் அதிகாரம் வந்தது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. குற்றம் யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை!

அன்று என்னால் ஜெபத்தை முடிக்க இயலவில்லை. மாலையில் அவன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே மனமிளகவில்லை. ஒரு வாரம் ஆயிற்று.

தினமும் ஜெபிப்பது நல்ல பழக்கந்தான். ஆயினும் அது நம்மை எழுப்பி இன்னொருவர் வாசலுக்கு அனுப்பாவிட்டால் வெறும் பாராயணமே என்பது என் கருத்து. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும், பிறரை மன்னிப்பதைச் சொல்லித்தானே நமக்கு மன்னிப்புக் கேட்கிறோம்?

நண்பர்களே! நீங்கள் எச்சமயத்தவராயினும், நாளைக் காலை கைகூப்புமுன் சற்றே எண்ணிப் பாருங்கள்: யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள்?