முதலீற்று மறியை விற்கலாமா?

முதலீற்று மறியாடு காலையில் அரைப் போத்தல் பால்கூடத் தரவில்லையென்று உடனே விலைபேசுவோர் யாழ்ப்பாணத்தில் உளர். விற்றபின் அது பெரும்பாலும் இறைச்சிக் கடைக்கே போகும். ஆதலாற் சற்றுப் பொறுத்தல் நன்று. ஈன்று நான்கு முதல் ஆறு வாரமளவிலேயே பால் உச்சத்தை எட்டும். அதுவும் மூன்றாம், நான்காம் ஈற்றுக்களிற் கறப்பதிலும் முதலீற்றிற் குறைவாகவே இருக்கும். ஒருநாட் பாலைக்கொண்டு தீர்ப்புக் கூறலாமா? நாள்தோறும் அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். வீட்டிலுள்ள மாணவரிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அவர்க்குக் கணக்கும் பழகும்.

மடியைக் கறக்குமுன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். கறந்தபின் துவண்டு சுருங்குவது பால்மடி. கறந்தும் பருத்தே நிற்பது சதைமடி. சந்தையிற் பின்னதைக் கண்டு ஏமாறுவோரே அதிகம். காம்பு இரண்டுக்கு மேற்படின் அக்குறை குட்டிகளுக்கும் வரக்கூடும். அத்தகைய மறியை இனத்துக்கு வையாதீர்கள். தாயாடு எத்தனை மாதம் கறந்தது என்பதையும் விசாரியுங்கள். உதைக்கும் குணத்தை நாம் பெரிதுபடுத்துவதில்லை. அன்பான கை பட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

குழைக்கு வழியில்லாத வீட்டில் எந்த மறியும் பால் வற்றும். வேலியிற் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் இல்லாதோர் வருகிற மாரிக்கு முதலிற் கதியால் நடட்டும். ஆடு பின்னர் வரட்டும்.