உதை பட்டறையிலேயே தொடங்குகிறது

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. புயல் கரை கடந்த மறுநாள் நம் மெஷின்களுக்கு ஓய்வே இருக்காது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்படிப்பட்ட இடங்களில்தான் செயின் சா அதிகம் உதைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் மரங்களுக்குள் செயின் ஓடும் பாரை நுழைக்கும்போது, அதன் மூக்கு மறுபக்கம் எதைத் தொடுகிறது என்பது அறுப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

வினை மூக்கின் மேல் பாதியில் இருக்கிறது. முன்னோக்கி ஓடிவரும் செயின் அங்கேதான் கீழே வளைகிறது. வளைவில் திரும்பும் பல் வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளியே நீளும். அந்த இடத்தில் ஒரு கிளை குறுக்கிட்டால் பல் அளவுக்கு மீறிக் கடித்துச் சிக்கிக்கொள்கிறது. செயினின் வேகமெல்லாம் பாரின்மேல் திரும்ப, மெஷின் எகிறி முகத்துக்கும் கழுத்துக்கும் இடது தோளுக்கும் வருகிறது. இதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். மனிதர் சுதாரிக்க அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். "கைப்பழக்கம் உள்ளவர் சமாளித்துக்கொள்வார்" என்ற பேச்சை இனியாவது நாம் விட்டுவிட வேண்டும்.

கைப்பழக்கத்தை நம்புவதைவிடப் பட்டறையைப் பார்ப்பது பலன் தரும். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் நிற்கும் சின்ன மேட்டை, ரேக்கரை, கவனியுங்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். பல செயின்களில் பல்லின் நுனிக்கும் ரேக்கருக்கும் இடையே 0.65 மி.மீ. இருந்தால் சரி. "சீக்கிரம் இறங்கணும்" என்று கண்ணளவில் அரத்தைப் போட்டு ரேக்கரை இன்னும் தேய்த்துவிடுகிறார்கள். மரத்தூள் பெரிது பெரிதாகக் கொட்டும், மனசுக்கு நிறைவாகவும் இருக்கும். ஆனால் அந்தச் செயின் மூக்கில் பட்டால் உதை பலமாக விழும். அந்த இடைவெளியை அளக்கும் கேஜ் தகட்டின் விலை அற்பம். மூன்று, நான்கு முறை சாணை பிடித்ததும் அதை வைத்துப் பாருங்கள். துருத்தி நிற்கும் அளவு மட்டும் தேய்த்து, முன் முனையைப் பழையபடி மழுக்கிவிடுங்கள்.

அடுத்தது பிரேக். அதை இயக்கும், முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் கார்டு இடைஞ்சல் என்று கழற்றிவிட்ட மெஷின்கள் இன்றும் வேலைக்கு வருகின்றன. செயின் தடுப்பு நார் வைத்துத் தைத்த கால்சட்டை காலைக் காக்கும். உதை வருவதோ கழுத்துக்கு. ஹெல்மெட்டின் வலைத்திரை தூளைத் தடுக்கும், ஓடும் செயினைத் தடுக்காது. அங்கே செயினை நிறுத்தக்கூடியது பிரேக் ஒன்றுதான். எஞ்சினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, பின்பிடியை மட்டும் பிடித்தபடி மூக்கை ஓர் அடிமரத்தின்மேல் விழவிடுங்கள். பட்ட அதிர்விலேயே பிரேக் தானாக விழ வேண்டும். விழாவிட்டால் அந்த மெஷின் அன்று வண்டியில் ஏறக்கூடாது.

பிடியும் நிலையும் நீங்கள் அறிந்தவைதான்: இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும், தலை பாரின் நேர்கோட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும், தோளுக்கு மேல் அறுக்கக்கூடாது. இதில் தென்னை ஏறி அறுப்பவர்களின் நிலைதான் கவலைக்குரியது. ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறுகையால் மெஷினை ஓட்டுகிறார்கள். இடுப்புக் கயிறு ஒழுங்காக இருந்தால்தான் இரண்டு கையும் மெஷினுக்குக் கிடைக்கும். கயிறு தராமல் ஆளை ஏற்றும் குத்தகைதாரரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவசரமும் கூடவே வந்துவிடும். ரேக்கரைத் தேய்க்கச் சொல்வதும் கார்டைக் கழற்ற வைப்பதும் பெரும்பாலும் அந்த அவசரம்தான். அறுப்பவர் பெரும்பாலும் மெஷினுக்குச் சொந்தக்காரர் அல்ல. பழுதான பிரேக்கோடு அதைக் கையில் கொடுத்தவர், காயம் பட்டபின் "அவன் கவனமா இருந்திருக்கணும்" என்று சொல்லித் தப்பிக்கிறார். புயல் வேலைக்கு ஆள் பேசும் ஒவ்வொரு சங்கமும், காலையில் பிரேக் சோதனைக்கும் செயின் சரிபார்ப்புக்கும் ஆகும் நேரத்தைக் கூலி நேரமாகவே எழுதித் தரும்படி இந்தப் பருவத்திலிருந்தே கேட்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் பேசினால் கிடைக்கும்; புயல் வந்தபின் அதற்குக் காதுகொடுக்க யாருக்கும் பொழுது இருக்காது.