தபாலில் வந்தது போலியா, அச்சுறுத்தலா?

அமெரிக்காவில் 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், இடைத்தவணைத் தேர்தலுக்கு இரு வாரங்களே எஞ்சியிருந்த வேளையில், பராக் ஒபாமா, ஹிலாரி கிளின்டன், ஜோ பைடன், கமலா ஹாரிஸ், ஜோர்ஜ் சோரொஸ் முதலானோருக்கும் சீ.என்.என். தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் முகவரியிடப்பட்ட சந்தேகத்துக்கிடமான பொதிகள் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டன. பிளாஸ்டிக் குழாய், சிறு கடிகாரம், மின்கலம், இரசாயனத் தூள் என்பன அடங்கிய 16 சாதனங்கள் அனுப்பப்பட்டிருந்தன. எனினும், அவற்றுள் ஒன்றேனும் வெடிக்கவில்லை.

வெடிக்கவில்லை என்பதனாலேயே இவை போலியானவை எனவும், அனுதாபம் தேட ஜனநாயகக் கட்சியினர் அரங்கேற்றிய நாடகம் எனவும் வலதுசாரி விமர்சகர்கள் சிலர் கூறத் தலைப்பட்டனர். அன்றைய ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப்பும் ஒக்டோபர் 26 ஆம் திகதி தமது டுவிட்டர் பதிவில், குண்டு என்ற சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு, இவ்விவகாரத்தால் தமது கட்சியின் தேர்தல் வேகம் தணிந்துவிட்டதாகக் குறைபட்டுக் கொண்டார். அன்றைய தினமே புளோரிடாவில் சீசர் சயோக் என்பவர் கைது செய்யப்பட்டார். அவர் ட்ரம்ப்பின் தீவிர ஆதரவாளர். பொதியொன்றில் பதிந்திருந்த விரல் அடையாளமே அவரைக் காட்டிக்கொடுத்தது. அவை போலிச் சாதனங்கள் அல்ல என எவ்.பி.ஐ. பணிப்பாளர் கிறிஸ்டோபர் ரே அன்று திட்டவட்டமாக அறிவித்தார்.

ஆயினும் உண்மை இரு தரப்பினரும் கருதியதைவிடச் சிக்கலானது. இச்சாதனங்கள் அவை அமைக்கப்பட்டிருந்த விதத்தில் இயங்கியிருக்க மாட்டா என்பதை எவ்.பி.ஐ. நிபுணர்களே பின்னர் கண்டறிந்தனர். அது திட்டமிட்ட செயலா, தயாரித்தவரின் திறமைக் குறைவா என்பதை அவர்களால் உறுதி செய்ய முடியவில்லை. 2019 மார்ச்சில் சயோக் 65 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். வெடிக்க வைப்பது அவரது நோக்கமன்று எனக் கருதிய நீதிபதி ஜெட் ராகோஃப், அரச தரப்பு கோரிய ஆயுட்காலச் சிறையை விதிக்கவில்லை. மாறாக, அவ்வாண்டு ஓகஸ்ட்டில் 20 வருடச் சிறைத்தண்டனை விதித்தார்.

இத்தீர்ப்பே சர்ச்சைக்கு உரிய விடை என நாம் கருதுகிறோம். சாதனம் வெடிக்குமா என்பது ஒரு கேள்வி. அச்சுறுத்தல் மெய்யானதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஆய்வுகூடம் பதிலளிக்க வேண்டும். இரண்டாவதற்கான பதில், பொதி தபாலில் சேர்க்கப்பட்ட கணத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. சந்தேகத்துக்குரிய பொருளைப் போலியென முன்கூட்டியே தீர்மானிப்பதன் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் முகவரியில் உள்ள பிரமுகர்கள் அல்லர்.

2001 இல் அந்திராக்ஸ் கிருமித் தூள் அடங்கிய கடிதங்கள் அனுப்பப்பட்டபோது ஐவர் உயிரிழந்தனர். செனட்டர் டொம் டாஷெலின் அலுவலகத்தில் அத்தகைய கடிதம் திறக்கப்பட்டதும் அங்கிருந்தோருக்கு உடனடியாக மருந்து வழங்கப்பட்டது. ஒட்டப்பட்ட உறையிலிருந்து கிருமி வெளியேறாது என்ற நம்பிக்கையில், அக்கடிதம் கடந்து வந்த வொஷிங்டன் பிரென்ட்வூட் தபால் நிலையம் தொடர்ந்து இயங்கியது. அங்கு பணியாற்றிய ஊழியர்கள் இருவர் மாண்டனர். அதே காலத்தில் தீங்கற்ற தூளை அனுப்பிப் பீதியூட்டியோரும் பலர். எது மெய், எது பொய் என்பது உறையின் வெளித்தோற்றத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, ஆய்வு முடியும்வரை ஒவ்வொரு பொதியையும் மெய்யான ஆபத்தாகவே கருதுவது அதிகாரிகளின் கடமையாகும். அதுவரை எதிர்த்தரப்பின் மீது பழி சுமத்தாதிருப்பது அரசியல்வாதிகளின் கடமையாகும். தபாலைச் சுமப்பவரின் உயிர் தேர்தல் கணக்குகளை விடப் பெறுமதியானது.